நிற்கக் கற்றல்

லோகமான்ய திலகரின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே பத்தியில் சொல்லிக் கடந்துபோகிற செய்தி ஒன்று உண்டு. 1873-ஆம் ஆண்டு புனே டெக்கான் கல்லூரியில் மாணவராக இருந்தபோது அவர் மெலிந்த தேகமுடைய இளைஞர். இந்தச் சரீரத்தை வைத்துக்கொண்டு பெருங்காரியம் எதையும் எடுத்துச் செய்ய இயலாது என்று தெளிந்து, கல்லூரி வாழ்வின் முதலாண்டைப் பாடப் புத்தகங்களுக்குக் கொடாமல் கசரத்துக்கும் மல்லுக்கும் நீச்சலுக்கும் கொடுத்துவிட்டார். பின்னாளில் மாண்டலேயில் ஆறாண்டுச் சிறைவாசத்தைத் தாங்கி, அங்கிருந்தே கீதைக்கு உரை வகுத்து எழுதவும் இடங்கொடுத்த தேகம் அந்த ஓராண்டில் கட்டப்பட்டதே என்று நான் எண்ணுகிறேன். ஆயினும் இச்செய்தியில் என்னை ஆகர்ஷித்தது அவர் பெற்ற பலமன்று. கணிதத்திலும் சமஸ்கிருதத்திலும் கூர்மை பெற்றுவிட்ட ஒருவர், பிறர் மெச்சும்படியான தம் புத்தியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, ஏதும் அறியாத சிறுவனைப் போல் இன்னொரு வித்தையின் முதல் படியில் போய் நிற்கச் சம்மதித்தாரே, அந்தச் சம்மதம்தான் அரியது.

புனே நகரத்துக்குப் புத்தி, உடல் என்னும் இவ்விரு கல்விகளையும் பிரித்துப் பார்க்காத ஒரு பழைய பழக்கம் இருந்தது. வேதமும் தர்க்கமும் கற்பித்த தெருக்களுக்கு அருகிலேயே செம்மண் பரப்பிய தாலீம்கள் என்னும் மல்யுத்தக் கூடங்கள் இருந்தன. கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவிடம் இருந்த பாலம்பட்ட தாதா தேவதர் என்னும் அந்தணர், மரக்கம்பத்தின்மீது ஏறிச் செய்யும் பயிற்சியான மல்லகம்பத்தை மீட்டெடுத்தவர் என்று இன்றும் போற்றப்படுகிறார். 1924-இல் சிவராம்பந்த் தாம்லே தொடங்கிய மகாராஷ்டிர மண்டலம் பல தலைமுறை மாணவர்களுக்கு உடற்கல்வி அளித்து வந்திருக்கிறது. இவற்றையெல்லாம் அறியாதவனாகத்தான் நான் தமிழ்நாட்டிலிருந்து அந்நகரத்துச் சர்வகலாசாலைக்கு மேற்படிப்புக்காகப் போய்ச் சேர்ந்தேன். நம்முடைய ஊர்களில் படிக்கிற பிள்ளையின் உடம்பு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போவதற்கும் தேர்வு நாளில் காய்ச்சல் வராமல் இருப்பதற்கும் மட்டுமே தேவைப்படுகிற ஒரு வாகனமாகக் கருதப்பட்டு வந்த காலம் அது. இப்போது அது மாறிவிட்டதாகவும் நான் சொல்ல மாட்டேன்.

கணேஷ்கிண்டில் பல்கலைக்கழகம் இருக்கும் பரந்த தோட்டம் ஒரு காலத்தில் பம்பாய் ஆளுநரின் வாசஸ்தலமாக இருந்தது. 1949-இல் பல்கலைக்கழகம் பிறந்தபோது அந்த மாளிகையே அதன் பிரதான கட்டடமாயிற்று. முதல் துணைவேந்தரான ஜெயகரின் பெயர் தாங்கிய நூலகம் ஆலமரங்களுக்கிடையே எழுந்தது. பிற்காலத்தில், 2014-இல், சாவித்ரிபாய் புலேயின் பெயர் பல்கலைக்கழகத்துக்கே சூட்டப்பட்டது. நான் பகலெல்லாம் இருந்தது நூலகத்தில். விடியற்காலையில், மார்கழிக் குளிர் எலும்பைத் தொடுகிற வேளையிலும்கூட, விடுதித் தோழர் ஒருவரின் வற்புறுத்தலால் கொரியச் சண்டைக்கலையான டேக்வாண்டோ வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். சினிமாவில் கண்ட உயரமான உதைகளையும் உடையும் பலகைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவர்களே எங்களில் அதிகம். டோபோக் என்னும் வெள்ளைப் பயிற்சி உடையும் வெள்ளை பெல்ட்டும் அணிந்து வரிசையில் நின்ற எங்களுக்கு ஆசிரியர் முதலில் கற்பித்தது நிற்பதை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டேக்வாண்டோவில் 'அப் குபி' என்று ஒரு நிலை உண்டு. ஒரு காலை முன்னே நீட்டி வைத்து, முன்முழங்காலை மடக்கி, பின்காலை நிமிர்த்தி நிற்பது. பார்க்கிறவருக்கு இதில் கற்பதற்கு எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் முன்பாதம் நேரே பார்க்க வேண்டும். பின்பாதம் சற்றே வெளித்திரும்பியிருக்கலாம், மிகையாகத் திரும்பக் கூடாது. பின்குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் அமைந்துவிட்டால் பக்கவாட்டில் யாராவது விரலால் தொட்டாலும் சாய்ந்துவிடுவோம் என்பதால் இடையே ஒரு முஷ்டியளவு அகலம் வேண்டும். உடலின் பாரத்தில் பெரும்பங்கு முன்காலில் இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து, பார்வை முன்னே இருக்க வேண்டும். புதிதாக வந்தவர் இவற்றில் எதை நினைவில் வைத்தாலும் அந்நினைவு மற்றொன்றைப் பறித்துக்கொள்கிறது. முழங்காலை மடக்கினால் குதிகால் எழுகிறது, குதிகாலை அழுத்தினால் முழங்கால் நிமிர்கிறது, இரண்டையும் சரிசெய்து முடிப்பதற்குள் தோள்கள் காதுவரை ஏறிவிடுகின்றன. ஆசிரியர் வரிசையின் ஊடே மெல்ல நடந்து வருவார்; பேச மாட்டார்; முழங்காலின் பின்புறத்தைத் தம் பாதத்தால் லேசாகத் தொடுவார், இடுப்பைக் கையால் திருப்பி வைப்பார், பிறகு தூரத்தில் போய் நின்று கொரிய மொழியில் எண்ணத் தொடங்குவார். ஹனா, துல், செத், நெத். ஓர் எண்ணுக்கு ஓர் அடி. கூடத்தின் கோடிவரை போய்த் திரும்பியதும் மராத்தியில் ஒரே வார்த்தை வரும்: "புன்ஹா." மறுபடியும்.

இந்த 'மறுபடியும்' தமிழ் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் அந்நியமானதன்று. வாய்ப்பாட்டுக்குச் சேர்க்கப்பட்ட குழந்தை மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைத் தொடங்கினால், கீர்த்தனை என்பது கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்க, ஸ்வரங்களை முதற்காலத்திலும் இரண்டாங்காலத்திலும் மூன்றாங்காலத்திலும் பாடிக்கொண்டே பல மாதங்களைக் கழிக்கிறது; அந்தக் கிரமத்தை வகுத்தவராகச் சொல்லப்படும் புரந்தரதாசர் பிறந்தது புனேக்குத் தெற்கேயுள்ள புரந்தரக் கோட்டைப் பக்கம் என்று ஒரு சாராரும், கர்நாடகத்து மலைநாடு என்று மற்றொரு சாராரும் சொல்வதுண்டு. ஆயினும் ஒரு பேதத்தை மறந்துவிடலாகாது. சரளி வரிசையைக் குழந்தை கற்கிறது. அதற்குத் தன் அறிவைப் பற்றிய கர்வம் இன்னும் முளைக்கவில்லை. பாடு என்றால் பாடும். பல்கலைக்கழக மாணவர் அவ்வாறன்று. பதினைந்து பதினாறு ஆண்டுகளாக, ஒன்றைக் கேட்டு அர்த்தம் தெரிந்துகொண்டால் அது தமக்கு வந்துவிட்டது என்றே அவர் பழக்கப்பட்டிருக்கிறார். தேர்வுகளும் அதையே உறுதிசெய்து வந்திருக்கின்றன. அர்த்தம் தெரிந்த விஷயத்தை மறுபடி கேட்கச் சொன்னால் அவருக்குச் சலிப்பு உண்டாகும். அத்தகையவரை ஒரு கூடத்தில் நிறுத்தி, அவருக்கு முழுமையாகப் புரிந்துவிட்ட ஒரு காரியம் அவருக்குச் சற்றும் வரவில்லை என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டுகிற கல்வி வேறு எங்கே இருக்கிறது?

வட்டமாகச் சுழன்று பக்கவாட்டில் தாக்கும் 'தோல்லியோ சாகி' என்னும் உதையில் இது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. உதைக்கும் காலைப் பற்றியே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் உதையைத் தீர்மானிப்பது தரையில் ஊன்றிய கால். முழங்கால் மேலெழும்போதே ஊன்றிய பாதம் அதன் முன்பகுதியின்மீது சுழன்று, குதிகால் இலக்கை நோக்கித் திரும்பிவிட வேண்டும்; அப்போதுதான் இடுப்பு முழுவதும் புரண்டு, பாதத்தின் மேற்புறம், தோழர் பிடித்திருக்கும் கிக் பேடின்மீது படிந்து விழும். ஊன்றிய பாதம் திரும்பாமல் நின்றுவிட்டால் இடுப்பு அடைபடுகிறது, உதையின் வேகமெல்லாம் ஊன்றிய முழங்காலின் முறுக்கலாய் மாறுகிறது. முழங்கால் வலியோடு வகுப்பைவிட்டு நின்றவர்களில் பலர் இந்த ஒரு காரணத்தாலேயே நின்றவர்கள். காரணத்தை ஆசிரியர் முதல் நாளே விளக்கிவிட்டார். அதை நாங்கள் எவருக்கும் எடுத்துச் சொல்லும் அளவுக்குப் புரிந்துகொண்டும் விட்டோம். பாதத்துக்கு மட்டும் அது புரியவில்லை. பாதத்துக்கு வாதங்கள் எட்டுவதில்லை; அதற்கு எட்டுவதெல்லாம் எண்ணிக்கையும் காலமும்தான். பிறகு ஏதோ ஒரு காலையில், அன்றைக்கென்று விசேஷமான பிரயாசை எதுவும் எடுக்காதபோது, கிக் பேடிலிருந்து எழுந்த சத்தம் வேறாக இருந்தது. தட்டையாய், கூடத்தின் மறுகோடிவரை கேட்கும்படியாக. பேடைப் பிடித்துக்கொண்டிருந்த தோழர் ஒன்றும் சொல்லாமல் தம் பிடியைச் சற்று இறுக்கிக்கொண்டார்.

கற்றல் என்பதன் இயல்பே இதுதானோ என்று அப்போது எண்ணத் தொடங்கியவன் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். தத்துவ வகுப்பில் கேட்டதையும் நான் உண்மையில் கற்றுவிட்டேனா, அல்லது பாதத்துக்கு முன்னால் நாக்குக்கு மட்டும் தெரிந்த நிலையிலேயே நின்றுவிட்டேனா என்னும் சந்தேகம், அதுவரை எந்தப் பேராசிரியரும் என்னிடம் எழுப்பாத சந்தேகம், அந்தக் கூடத்திலிருந்து ஈரத் தலையோடு ஜெயகர் நூலகத்துக்கு நடந்த காலைகளில் எழுந்தது.

இந்த வித்தை உருவான கதையிலும் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. கொரியா ஜப்பானின் ஆதிக்கத்தில் இருந்த காலத்தில், மேற்படிப்புக்காக டோக்கியோ போன கொரிய இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றார்கள். ஒகினாவாவிலிருந்து அதைக் கொண்டுவந்த ஃபுனகோஷி கிச்சின் என்னும் பள்ளி ஆசிரியர், 1924-இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் தொடங்கி, மாணவர் சங்கங்களின் வழியாகவே அதைப் பரப்பி வந்தார். சூவோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த லீ வொன்-குக் அவரிடம் கற்று ஊர் திரும்பி, 1944-இல் சியோலில் சுங் தோ க்வான் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். விடுதலைக்குப் பின் இத்தகைய கூடங்கள் பல தோன்றின. நாடு இரண்டாய்க் கிழிந்து, போர் வந்து ஓய்ந்தபின், 1955-இல், படைத்தலைவர் சோய் ஹோங் ஹி முன்மொழிந்த டேக்வாண்டோ என்னும் பெயர் ஏற்கப்பட்டது. பழைய கொரிய மரபான தெக்கியோனின் கால்வீச்சு இதில் கலந்தது என்பார்கள் சிலர்; தொடக்கத்தில் கற்பிக்கப்பட்ட அசைவு வரிசைகள் ஜப்பானியக் கராத்தேயின் கதாக்களே என்பார்கள் ஆராய்ந்தவர்கள். 1972-இல் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவொன் கட்டப்பட்டு, அடுத்த ஆண்டு உலகக் கூட்டமைப்பு அமைந்து, தேகூக் எனப்படும் புதிய வரிசைகளும் வகுக்கப்பட்டபின் அது முற்றிலும் கொரியருடையதாயிற்று. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாகவும் 2000-இல் சிட்னியில் பதக்கப் போட்டியாகவும் அது உலகின் முன் நின்றது. இந்தியாவுக்கு அது வந்தது 1970-களின் நடுவில். வியட்நாமிலிருந்து வந்த ஜிம்மி ஜக்தியானி அதை இங்கே ஊன்றியவர்.

இவ்விடத்தில் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்த்திசைச் சண்டைக்கலை எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், காஞ்சியிலிருந்து போன போதிதர்மரே அதையெல்லாம் கற்பித்தார் என்று முடித்துவைக்கும் ஆர்வம் நம்மிடம் மிகுந்திருக்கிறது. அந்த ஐதிகத்தின் மீது எனக்கு அன்பு உண்டு. ஆனால் அதற்கு உறுதியான சான்று இல்லை. இருந்திருந்தாலும்கூட, அடிமைப்பட்ட தேசத்து மாணவர்கள் ஆள்கிறவனுடைய தலைநகரில், ஆள்கிறவனுடைய வித்தையின் முதல் படியில் பணிவோடு நின்று கற்று, பின்பு அதைத் தம்முடைய சுபாவத்துக்கேற்ப மாற்றியமைத்துச் சொந்தமாக்கிக்கொண்ட பெருமை கொரியருக்கே உரியது. அந்தப் பெருமையைப் பங்கு கேட்பதைவிட, நம் சிலம்ப ஆசான்கள் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி பழக்கினார்களே, அந்தக் காலடிகளை இன்று எத்தனை கல்லூரிகள் கற்பிக்கின்றன என்று கேட்பது தகும்.

வெள்ளை பெல்ட்டுக்காரர் முதலில் கற்கும் பூம்சே, அதாவது அசைவு வரிசை, தேகூக் இல் ஜாங். எட்டு வரிசைகளில் முதலாவது; பதினெட்டு அசைவுகள். கொரியக் கொடியின் மூலையிலும் காணப்படும் மூன்று முழுக்கோடுகளாலான வான் என்னும் சின்னத்தை அது குறிக்கிறது. தரையில் ஆடுபவரின் பாதங்கள் செல்லும் வழியும் மூன்று இணைகோடுகளாகவே அமைகிறது. இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடை, ஓர் அடி முன்வைத்துக் குத்து. நேர் எதிரே திரும்பி அதுவே மறுபுறம். நடுக்கோட்டில் நீண்ட நிலையில் தடையும் குத்தும். அடுத்த கோட்டில் நடுத்தடை. மூன்றாவதில் முகத்தைக் காக்கும் தடையும் நேருதையும். முடிவில் நடுக்கோட்டிலேயே திரும்பி வந்து, கடைசிக் குத்தோடு கியாப் என்னும் முழக்கம். இவ்வளவுதான். இதில் பெரும்பாலானவை சாதாரணமாக நடக்கிறபோது வைக்கும் அடியளவேயுள்ள குட்டையான நிலைகள். எனவே இது எளிது என்று சொல்லப்படுகிறது. குட்டை நிலையிலிருந்து நீண்ட நிலைக்கு மாறுகிற இடத்தில் தலை ஏறி இறங்காமல் செய்துபார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எட்டு வரிசைகளும் தடையிலிருந்தே தொடங்குகின்றன என்பதை எங்கள் ஆசிரியர் ஒருமுறை சொன்னார். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை, சேர்க்காததற்காக இன்றும் அவரிடம் நன்றி பாராட்டுகிறேன்.

சண்டைப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மார்புக்கவசமும் தலைக்கவசமும் அணிந்து, உடலில் உதைக்கு இரண்டு, தலைக்கு மூன்று என்று புள்ளி சேர்க்கும் அந்த ஆட்டத்துக்கு அதற்கேயுரிய அழகுண்டு. அது அடுத்த பெல்ட்டுகளின் காரியம். ஆனால் கூடத்தில் மாணவியர் இருந்ததை அவசியம் குறிப்பிட வேண்டும். விதர்பாவிலிருந்தும் கொங்கணத்திலிருந்தும் வந்த பெண்கள், எங்கள் வரிசையிலேயே நின்று, அடிவயிற்றிலிருந்து கியாப் எழுப்பக் கற்றார்கள். தாழ்ந்த குரலில் பேசும்படி சிறுவயது முதல் பழக்கப்பட்ட ஒருத்திக்கு, பத்துப் பேர் நடுவில் வாய்விட்டு முழங்குவது உதையைவிடப் பன்மடங்கு கடினம். அந்த முழக்கம் முதலில் வெறும் மூச்சாகவும், பின்பு தயக்கமுள்ள ஒலியாகவும், இறுதியில் கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் அதிரும் குரலாகவும் மாறியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவிக்கு அளிக்கத் தக்கவற்றுள் இதைவிடப் பெரிது எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பெண்களுக்காக இதே நகரத்தில் 1848-இல் பள்ளி தொடங்கிய சாவித்ரிபாயின் பெயரைத் தாங்கும் இடத்துக்கு அது பொருத்தமும்கூட.

உடற்கல்வி என்றால் நம் கல்லூரிகளில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளுக்கு அனுப்புகிற காரியமாக மட்டும் பார்க்கிறார்கள். பதக்கம் பெறுகிறவருக்கு மைதானம், மற்றவருக்குப் பார்வையாளர் வரிசை. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. ஒருநாளும் பதக்கம் பெறப்போகாதவர்களுக்குத்தான் இந்த அடிப்படைகள் மிகவும் தேவை. ஏனெனில் அவர்களே தம்முடைய இருபதாவது வயதில், சொல்லாலும் நினைவாலும் மட்டும் வாழ்ந்துவிடலாம் என்று முடிவுகட்டும் நிலையில் இருக்கிறவர்கள். ஒரு கூடம், ஓர் ஆசிரியர், விடியற்காலையில் ஒரு மணி நேரம் என்பவை கேட்கத் தகாத செலவும் அல்ல.

அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் புதியவர்கள் வந்தார்கள். அவர்களில் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன். பொறியியல் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவன். நான் தமிழன் என்று தெரிந்ததும் வரிசையில் எனக்குப் பக்கமாக வந்து நின்றுகொண்டான். டோபோக் இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆசிரியர் மறுகோடியில் இருந்த வேளையில், தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அண்ணே, எப்போண்ணே கிக்கு சொல்லித் தருவாங்க? நின்னுக்கிட்டே இருக்கோமே."

"மொதல்ல அந்தப் பின்குதிகாலத் தரையில வைப்பா" என்றேன்.

வைத்தான். முன்முழங்கால் நிமிர்ந்துகொண்டது. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ஆசிரியர் எண்ணத் தொடங்கிவிட்டார்.